ஈரமில்லாத பதில்

மேல்காட்டில் பிறந்த ஓடை கீழ்காட்டுக்கு ஓடியது. கோடையில் அதை மறித்துக் குட்டை கட்டும் முன், மேல்காட்டு விலங்கு ஒன்று கீழே போய், அங்குள்ள தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஈரக்காலைப் பார்த்த பிறகுதான் மறிப்பார்கள்.

மேல்காட்டுக்குப் புதிதாகத் தலைவனான கரடி தும்பனுக்கு இது வீண் வேலையாகப் பட்டது. நடக்கச் சோம்பல், வேறென்ன!

"எல்லைப் பாறையில் நின்று கூப்பிட்டுக் கேட்டால் போதாதா?" என்றது.

அன்றுமுதல், "தண்ணீர் வந்ததா?" என்று மேலிருந்து கத்தினார்கள்.

"வந்தது! வந்தது!" என்று கீழ்காட்டுத் தலைவி யானையம்மாவின் குரல் கேட்டது.

பதில் வரவர, தும்பன் ஓடையை மறித்த அணையில் இன்னும் கற்களை அடுக்கியது.

வல்லி என்ற கடமானுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அதன் அக்கா கீழ்காட்டில்தான் வாழ்ந்தது.

"அண்ணே, அந்தக் குரல் தினமும் ஒரே மாதிரி இருக்கிறது. நடுவில் மூச்சுகூட வாங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது!"

"பதில் வருகிறதா, இல்லையா? பேசாமல் போ!" என்றது தும்பன்.

வல்லி தனியாகக் கீழே இறங்கியது. நல்ல வெயில் நேரம். ஒரு பூச்சியின் சத்தம்கூட இல்லை. வெடித்த சேற்றில் பெரிய மண்டையோடு ஒன்று கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த மலைமைனா வாயைத் திறந்தது.

"வந்தது! வந்தது!" அச்சு அசல் யானையம்மாவின் குரல்!

வல்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நீயா? எதற்காக இப்படி?"

"யானையம்மா செத்த பிறகும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். யாராவது பதில் சொல்ல வேண்டாமா?" என்றது மைனா சாவகாசமாக. "எனக்கென்ன, பழச்சாறு போதும்."

"என் அக்கா எங்கே?"

"உங்கள் பக்கம்தான் போனாள்!"

காய்ந்த சேற்றில் குளம்படிகள் தெரிந்தன. வல்லி அவற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஓடியது. அவை அணையின் அடியில் போய் நின்றன. அங்கே அக்காவின் எலும்புகள் கல்லில் சாய்ந்து கிடந்தன. அந்தப் பக்கம் தும்பனின் குட்டிகள் தண்ணீரில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன.

வல்லி அழுதுகொண்டே கற்களை முட்டித் தள்ளியது. தண்ணீர் கீழ்காடெல்லாம் பாய்ந்தது. குடிக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

பொதுவான தண்ணீரைப் பங்கிடுபவர், கடைமடைவரை தாமே போய்ப் பார்க்காமல் வெறும் பதிலை நம்பினால், அயலாரைச் சாகவிட்ட பாவம் அவரையே சேரும்.