தலையை எடுக்கப் பார்த்த சொல்

கப்பல் ஏறி வெள்ளைக்காரர்கள் வந்திறங்கிய காலத்தில், செம்பிலாங்குடியை வீரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பிரியம் வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார். கோபம் வந்தால் கேள்வி கிடையாது.

உடைந்த ஏரி மதகைக் கட்டித் தரும்படி ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் அவர் சொல்லியிருந்தார். அன்று சபைக்கு வந்த துரை குனிந்து வணங்கித் தன் பாஷையில் ஏதோ சொன்னார். 'ராஜா', 'எக்ஸிக்யூட்' என்ற இரண்டு சொற்கள்தான் வீரபூபதியின் காதில் நின்றன.

ஆங்கிலம் தெரிந்த அமைச்சர் ஆவுடையப்பர் அப்போது சபையில் இல்லை. அவர் பேரைக் கேட்டாலே வெந்துபோகும் கவிராயர் கங்கைமுத்து முந்திக்கொண்டார்.

"மகாராஜா, சென்னப்பட்டணத்தில் ஒருவனைத் தூக்கில் போட்டபோது இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். ராஜாவைக் கொல்வேன் என்கிறான்."

 வாளை எப்போது உருவினார் என்று ராஜாவுக்கே தெரியாது, வாள்முனை துரையின் கழுத்தில் இருந்தது.

அந்நேரம் உள்ளே வந்த அமைச்சர், நடந்ததைக் காவலனிடம் கேட்டறிந்தார். கோபத்தில் இருக்கும் ராஜாவிடம் விளக்கம் எடுபடாது. காவலனைப் பார்த்து, "நம் கவிராயர் கதையை முடித்துவிடு" என்றார்.

காவலன் கத்தியை உருவினான். கவிராயர் அலறி ராஜா காலில் விழுந்தார். ராஜா திகைத்துப்போனார்.

"என் சபையில் என் கவிராயரைக் கொல்லச் சொல்ல நீர் யார்?"

"கொல்லவா? மகாராஜாவின் வம்சக் கதையை இவர் வருஷக்கணக்காக எழுதுகிறார். உட்காரவைத்து எழுதி முடிக்கச் செய் என்றேன்."



"துரை சொன்ன சொல்லும் அப்படித்தான்" என்றார் அமைச்சர். "துறைமுகப் பாதிரியாரிடம் கேட்டிருக்கிறேன். லத்தீனில் அதன் வேருக்குக் கடைசிவரை பின்தொடர்வது என்று அர்த்தமாம். இட்ட கட்டளையைக் கடைசிவரை கொண்டுபோனால், அது நிறைவேற்றுவது. இட்டதே மரண தண்டனை என்றால் தலை போகும். துரை, ராஜாவின் கட்டளையை நிறைவேற்றுகிறேன் என்றுதான் சொன்னார்."

துரையின் கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. அதைக் கண்ட ராஜா வாளை உறையில் போட்டார். தன் பட்டு அங்கவஸ்திரத்தால் அவரே அந்த ரத்தத்தைத் துடைத்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார்.

"கவிராயரே, மதகு கட்டி முடியும்வரை வெயிலில் துரைக்குக் குடை பிடியும்."

அப்படியே பிடித்தார். துரை ஆட்களைப் பார்த்து "எக்ஸிக்யூட்" என்று சொல்லும்போதெல்லாம் குடை ஒரு தரம் ஆடுமாம்.