நீள வண்டிக்கு ஒரு கட்டியக்காரன்

ரொம்பக் காலத்துக்கு முன்னே பூவரசநாடு என்று ஒரு நாடு. அதை அதிரூபவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல ராஜாவா என்றால், சாப்பிட்ட பிறகு நல்ல ராஜா.

அரண்மனை கோட்டைக்குள்ளே. அங்கே வேலை செய்கிற சமையல்காரி, நாவிதர், பூக்கட்டுகிறவர், யானைக்குக் கவளம் உருட்டுகிறவர் எல்லாருக்கும் வீடு வெளியே. காலையில் எல்லாரும் ஒரே நீள வண்டியில் வருவார்கள். ஆறு மாடு இழுக்கும். உட்கார்ந்தவர் பாதி, தொங்கினவர் பாதி.

பிரபுக்கள் பல்லக்கில் வருவார்கள். ஒரு பல்லக்குக்குள் ஒரே ஒருத்தர். அவரைத் தூக்க நாலைந்து பேர், குடை பிடிக்க ஒருத்தர், முன்னால் நடந்து அவர் பெருமையைக் கூவக் கட்டியக்காரன் ஒருத்தன், அவர் துப்பினால் பிடிக்கப் படிக்கத்தோடு ஒருத்தர். ஒரு ஆள் உட்கார்ந்து போவதற்குத் தெரு முழுக்க நடக்கும்.

கோட்டைக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு ராஜாவின் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். இரண்டு வாகனம் முட்டிக்கொண்டால், இரண்டு கட்டியக்காரர்களும் உள்ளே இருப்பவர் செய்த பெருமைகளை உரக்கச் சொல்ல வேண்டும். யாருடைய பெருமை நீளமோ அவர் முதலில் போகலாம். வண்டிக்குக் கட்டியக்காரன் கிடையாது. அதனால் கடைசிப் பல்லக்கும் போன பிறகுதான் வண்டி. பல்லக்கோ வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் ராஜாவின் காலைப் பொங்கல் உச்சிவெயிலில் வந்தது.

"யார் காரணம்?" என்றார் ராஜா.

தளவாய் இரணியப்பன் எழுந்தார். நாட்டிலேயே பெரிய பல்லக்கு அவருடையது. மந்திரி திருமேனியை அவருக்குக் கண்டாலே ஆகாது. "சோம்பேறிகள் மன்னா! நான் மட்டும் நேரத்துக்கு வரவில்லையா? தாமதமாக வருகிறவர் யாரானாலும் நாடு கடத்துங்கள்."

"சமையல்காரி சோலையம்மா நேரத்துக்குத்தான் கிளம்புகிறாள் மன்னா. வாசலில்தான் நிற்கிறாள். வண்டியை முதலில் விட்டால்..." என்றார் மந்திரி.

"ஓகோ! சமையல்காரிக்கு நான் ஒதுங்கி நிற்க வேண்டுமா?"

ராஜா இன்னும் முதல் கவளம் வாயில் வைக்கவில்லை. அதனால் தீர்ப்பு இப்படி வந்தது: "தாத்தா சட்டத்தில் கை வைக்காதீர். பல்லக்குகளையும் தடுக்காதீர். நாளைக் காலை மணி அடிக்கும்போது என் இலையில் பொங்கல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோலையம்மாவும் நீரும் நாட்டைவிட்டுப் போங்கள்."

சோலையம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "என்னைத் துரத்தினால் எங்கே ஐயா போவேன்? எனக்குப் பொங்கல் கிண்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாதே."

"அழாதே அம்மா," என்றார் மந்திரி. "உங்கள் வண்டிக்காரன் மொட்டையாண்டிக்குக் குரல் எப்படி?"

"மாட்டை அதட்டினால் கன்றுக்குட்டி கருவேலங்காட்டுக்கு ஓடிவிடும் ஐயா."

"அது போதும்."

மறுநாள் காலை ராஜா வாசல் மாடத்தில் பசியோடு நின்றார். கீழே தளவாயின் பல்லக்கும் நீள வண்டியும் முட்டிக்கொண்டன. தளவாயின் கட்டியக்காரன் ஆரம்பித்தான்.

"எட்டுத் திக்கும் நடுங்க வைத்தவர்! எதிரியின் கொடியைக் கிழித்தவர்! புலியை முறைத்தவர்! தளவாய் இரணியப்பர் வருகிறார், பராக்!"

மொட்டையாண்டி வண்டிமேல் ஏறி நின்றான்.

"ராஜாவுக்குப் பொங்கல் கிண்டுகிறவள், ஒருநாளும் அடிப்பிடிக்க விடாதவள் சோலையம்மா! ராஜாவின் மீசையைத் தினமும் நேராக்குகிறவர், ஒருமுறைகூட மூக்கை வெட்டாதவர் குழந்தைவேலு! மதம் பிடித்த யானைக்குப் பக்கத்தில் நின்றவர், அதற்கப்புறம் ஓடினவர் ஊமைத்துரை! அம்மை வந்தும் சாகாதவள், மாமியாரையும் சமாளித்தவள் பூக்காரி அன்னக்கிளி..."

அவன் உட்கார்ந்தவர்களையே இன்னும் முடிக்கவில்லை. தொங்குகிறவர்கள் பாக்கி.

தளவாய் திரையை விலக்கினார். "மன்னா! மாமியாரைச் சமாளிப்பதெல்லாம் ஒரு பெருமையா?"

"கஷ்டம்தான்," என்றார் ராஜா.

மந்திரி பணிவாகச் சொன்னார்: "உள்ளே இருப்பவர் செய்ததைச் சொல் என்பதுதான் சட்டம். உள்ளே ஒருத்தர்தான் இருக்க வேண்டும் என்று தாத்தா சொல்லவில்லை. இவர்கள் செய்ததெல்லாம் நிஜம். தளவாய் எந்த எதிரியின் கொடியைக் கிழித்தார் என்று கேட்கலாமா? நமக்குப் போரே வந்ததில்லை."

ராஜா குனிந்தார். "ஆமாம், எந்தக் கொடி ஐயா?"

தளவாய் திரையைப் பாதி இழுத்துக்கொண்டார். "ஒத்திகையில் மன்னா... ஈட்டி மாட்டிக்கொண்டு..."

"யார் கொடி?"

"நம்முடையதுதான்."

மொட்டையாண்டி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். ராஜாவின் வயிறு ஊரே கேட்கச் சத்தம் போட்டது.

"போதும்டா, வண்டி ஜெயித்தது! உள்ளே விடுங்கள்! இனி தினமும் வண்டிதான் முதலில்!"

சோலையம்மா வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். மணி அடித்தபோது இலையில் பொங்கல் இருந்தது, ஆவி பறக்க. ராஜா சாப்பிட்டு நல்லவரானார்.

தளவாயை மற்றப் பல்லக்குகள் பின்னால் தள்ளிவிட்டன. கொடி விஷயம் தெரிந்த பிறகு அவருடைய பெருமையை யாரும் முழுசாகக் கணக்கில் எடுக்கவில்லை. சபை பாதி முடிந்தபோதுதான் வந்து சேர்ந்தார்.

"தாமதமாக வருகிறவரை என்ன செய்யச் சொன்னீர் தளவாய்?" என்றார் ராஜா.

தளவாய் வாசலைப் பார்த்து ஓரடி பின்னால் வைத்தார்.

"நாடு கடத்தவில்லை, பயப்படாதீர். பல்லக்கை வீட்டில் வையும். நாளையிலிருந்து வண்டியில் வாரும். மந்திரியாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"இன்னொரு வண்டி மன்னா. தொங்குகிறவர்கள் உட்காரட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மொட்டையாண்டிக்குக் கொடுத்தார். மந்திரிக்கு வண்டியும் மாடும் கொடுத்தார்.

மறுநாள் காலை வாசலில், புது உத்தரவை மறந்து ஒரு பல்லக்கு குறுக்கே வந்தது. மொட்டையாண்டி முத்துமாலையோடு எழுந்து நின்று, ஏறின வரிசைப்படி கத்தினான். சோலையம்மா, குழந்தைவேலு, ஊமைத்துரை, அன்னக்கிளி. அப்புறம் அன்னக்கிளியின் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு இடுங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான்.

"நம்ம கொடியையே கிழித்தவர், தளவாய் இரணியப்பர்! பராக்!"

பல்லக்கு ஒதுங்கியது. வண்டி உள்ளே போனது.