படிக்கிறவளே கட்டட்டும்

ஊர் மடத்தில் பாடம் சொல்லும் அங்கையம்மைக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. அரிசி ஆலை வைத்திருந்தவர். ஊர்ப் பொதுப் பணம் இன்னும் அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

பரிசல் ஓட்டும் செம்பனின் மகள் தாரணிக்குப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தைப் பொதுப் பணத்திலிருந்து கட்டலாம் என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது. நாளை கடைசி நாள். சிகாமணி மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"படிக்கப்போறது அவ. சம்பாதிக்கப்போறதும் அவ. ஊர் எதுக்குங்கம்மா கட்டணும்?"

"அக்கரைக்குப் போகலாம், வாங்க" என்றார் அங்கையம்மை.

பரிசலில் அரசு நர்ஸ் மும்தாஜ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. இவர்கள் இருவரும் ஏறியதும் செம்பன் இவர்களிடம் கூலி வாங்கினார். நர்ஸிடம் கேட்கவில்லை.

"அவங்ககிட்ட வாங்கலையா?" என்றார் அங்கையம்மை.

"பிரசவம் பார்க்கப் போறவங்ககிட்ட வாங்குற வழக்கம் இல்லீங்க. அதுக்குத் தை மாசம் வீட்டுக்கு வீடு நெல்லு போட்டுடுவாங்க."

அங்கையம்மை சீடரைப் பார்த்தார். "நீங்க போடுவீங்களா?"

"வருஷம் தவறாம, ஒரு மூட்டை."

"உங்க வீட்டுல பிரசவம் நடந்து எத்தனை வருஷம்?"

"முப்பது இருக்கும்."

"போறது நர்ஸம்மா. சம்பளமும் அவங்களுக்குத்தான். நீங்க எதுக்குப் போடணும்?"

செம்பன் சட்டென்று தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"அது வேறங்க." சிகாமணி விடுவதாக இல்லை. "இவங்க நம்ம பக்கத்துக்கு வேலை பார்க்கறாங்க. அந்தப் பொண்ணு படிச்சுட்டு எங்கியோ போயி எவன் மாட்டுக்கோ ஊசி போட்டுட்டு இருந்தா? நம்ம காசு போனது போனதுதானே?" சொல்லிவிட்டுப் பெண்ணின் அப்பா பக்கம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க மொதலாளி" என்றார் செம்பன். "தண்ணி சத்தம்."

அங்கையம்மை நர்ஸ் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"ராமநாதபுரம் பக்கம்ங்க. எங்க ஊர் ஜமாத்துதான் பணம் கட்டிப் படிக்க வச்சாங்க. இங்க போஸ்டிங் போட்டு ஒன்பது வருஷமாச்சு."

அக்கரையில் ஒருவர் துண்டை வீசி வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"செம்பன், பரிசலைத் திருப்புங்க" என்றார் அங்கையம்மை. "ஐயா சொல்றது சரிதான். யார் காசோ இங்கே வந்து உட்கார்ந்திருக்கு. ராமநாதபுரத்துக்கே அனுப்பிடலாம்."

செம்பன் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்.

"திருப்பட்டுங்களா, மொதலாளி?"

"நேராப் போப்பா" என்றார் சிகாமணி, மெல்ல.

சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.