பதினோராவது ஆள்

"நான் கிளம்பறேன் டீச்சரம்மா. என் பக்தி பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு."

ஆசிரமத்துச் சமையல்கட்டு வாசலில் துணிப்பையோடு நின்றாள் தவமணி.

உள்ளே கஞ்சி துழாவிக்கொண்டிருந்த குரு திரும்பவில்லை. தவமணியைவிட வயதில் சின்னவள். முன்பு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். இன்றும் எல்லோருக்கும் டீச்சரம்மாதான்.

"வெளிவாசல்ல நிக்கிறது யாரு?"

"என் நாத்தனார். வலது கையில மாவுக்கட்டு. வீட்டுல சோறாக்க ஆள் இல்ல. 'வாங்க அண்ணி'ன்னு கூப்பிடறா. கூப்பிட்டதும் மனசு ஓடுது. முன்வரிசைக்காரங்களுக்கு இப்படி ஓடுமா?"

ஆசிரமத்தில் சேர்ந்த வரிசைப்படிதான் தியானத்துக்கு உட்கார வேண்டும். தவமணிக்கு எப்போதும் கதவோரம். நேற்று பொறுக்கமாட்டாமல் முன்னால் போய் உட்காரப் பார்த்தாள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் திறக்காமலே முழங்காலை அகட்டிக்கொண்டார்கள்.

"உங்க அருளோட இழுப்பு என்கிட்ட வந்து சேரவே இல்ல" என்றாள் தவமணி.

"சோடியம்னு ஒண்ணு இருக்கு அக்கா. அதோட அணுவுல நடுவுல கரு. சுத்தி பதினோரு எலக்ட்ரான். பத்து உள்ளே இருக்கும். ஒண்ணு மட்டும் வெளியே தனியா."

"கதவோரம்."

"கதவோரம். கரு அதையும்தான் இழுக்குது. ஆனா உள்ளே இருக்கிற பத்தும் அதை வெளியே தள்ளும். இழுப்புல முக்காலுக்கு மேல அந்தத் தள்ளுலயே கழிஞ்சுடும்."

"முழங்காலை அகட்டியா?"

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பக்கத்துல குளோரின்னு ஒண்ணு வருது. அதுக்கு ஒரு எலக்ட்ரான் குறை. இந்தப் பதினொண்ணுல யாரால எழுந்து போக முடியும்?"

தவமணி பையை மறுகைக்கு மாற்றினாள். வெளிவாசலில் நாத்தனார் இருமினாள்.

"அது எழுந்து போயிட்டா, அப்புறம் கரு அதை விட்டுடுமா?"

தவமணிக்கு இருந்த பயமெல்லாம் இது ஒன்றுதான்.

டீச்சரம்மா ஜாடியிலிருந்து ஒரு உப்புக்கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அது போனதாலதான் ரெண்டும் ஒட்டி இந்த உப்பு உண்டாச்சு. உள்ளே சோடியமும் இருக்கு, குளோரினும் இருக்கு. பிரிச்சுக் காட்டுங்க."

தவமணி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள்.

இன்னும் அழுத்தினாள்.

விரல்தான் வலித்தது.