வாசிக்கப்படாத நான்கு பெயர்கள்

முதலில் போனது முயல் செவியனின் பெயர். மாசி மாதத்தில், முதுகில் கல்லைக் கட்டிக்கொண்டு கரடு என்ற பாறைக்குன்றில் ஏறியபோது அதன் பின்னங்கால் மூட்டு விலகியது. அடுத்த பந்தாட்டத்தின் பட்டியலில் செவியன் இல்லை.

இரண்டாவதாகப் போனது கீரி செம்பனின் பெயர். பங்குனியில், அதே கரட்டில், இடுப்பு பிடித்துக்கொண்டது. செவியன் விழுந்தபோது, முயலுக்கெல்லாம் எதற்குப் பந்து என்று சிரித்தது இந்தச் செம்பன்தான்.

மூன்றாவதாகப் போனது குரங்கு தாவலனின் பெயர். சித்திரையில் அதற்குத் தோள் இறங்கியது. இரண்டு நாள் ஓய்வு கேட்டது. ஓய்வும் கிடைக்கவில்லை, பெயரும் மிஞ்சவில்லை.

நான்காவதாகப் போனது புள்ளிமான் மருதியின் பெயர். வைகாசியில், பதினெட்டாவது ஏற்றத்தில், அதன் தொடைத் தசை கிழிந்தது. முதல் மூன்று பெயர்களும் அழிக்கப்பட்டபோது மருதி வாய் திறக்கவில்லை. அதையும் இந்த வரிசையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றி, ஓரத்தில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். காய்ந்த படுகைதான் பந்தாட்டக் களம். காட்டுக்கொடிகளைச் சுருட்டி இறுக்கிக் கட்டியது பந்து. குளத்தணிக்காக ஆடுகிறவர்களுக்கு மடுவில் முதல் தண்ணீர். மற்றவர்கள் அது கலங்கிய பிறகு குடிக்கலாம். ஆகவே அங்கே பந்தாட்டம் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. ஆள்காட்டிக் குருவி புற்றின் மேல் ஏறி நிற்கும். தேக்கிலையில் முள்ளால் கீறிய பதினோரு பெயர்களை, காடே கூடிநிற்க, உரக்க வாசிக்கும். பெயருக்கு உரியவர் காலால் தரையை ஒருமுறை தட்ட வேண்டும். தட்டியவர் ஆட்டக்காரர். தட்ட முடியாதவரின் பெயர் கீறி அழிக்கப்படும். பதினோரு தட்டல் கேட்கவில்லை என்றால் ஆட்டமே கிடையாது. வெற்றி எதிரணிக்குப் போய்விடும்.

குளத்தணிக்கு வலுவேற்றும் பயிற்சி கொடுத்தது காட்டெருது பாறையன். எல்லோரும் அதை மாஸ்டர் என்று அழைத்தார்கள். அதனிடம் ஒரே முறைதான் இருந்தது. பூசணிக்காய் அளவில் ஒரு கல். எல்லோருக்கும் அதே அளவு. அதை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் காலையில் இருபது முறை கரடு ஏறி இறங்க வேண்டும். ஆட்டம் முடிந்த மறுநாளும் விடுப்பு இல்லை. எருதின் முதுகில் அந்தக் கல் ஓர் உண்ணியைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். முயலின் முதுகில் ஏறினால் முயலே தெரியாது.

பாறையன் கெட்ட எண்ணம் கொண்டதல்ல. தன்னை வளர்த்த கல் எல்லோரையும் வளர்க்கும் என்று அது மனதார நம்பியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், பெயர்கள் வாசித்து முடிந்ததும், தலையை நிமிர்த்திக் காட்டைப் பார்த்துச் சொல்லும்:

"என் பட்டியலில் அடிபட்டவன் ஒருத்தன் உண்டா? காட்டுங்க பார்ப்போம்!"

காடு ஆரவாரம் செய்யும். எருது சொன்னது பொய்யும் அல்ல. அடிபட்டவர் எவரும் அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லையே.

கால் நன்றாக இருந்த நாளில் மருதியும் அந்த ஆரவாரத்தில் சேர்ந்துகொண்டது. தன் கல்லுக்குத் தனியாக ஒரு பெயர்கூட வைத்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் கரட்டின் உச்சியில் போய் நிற்கும் பெருமை அதற்கு இருந்தது.

இப்போது அது கரையில், நாவல் மரத்தடியில் படுத்துக் கிடந்தது. தண்ணீர் கலங்கிய பிறகு குடிப்பது அதற்குப் பெரிய துன்பமாக இல்லை. களத்தின் இடது ஓரத்தில் பொடிமணல் படிந்த ஒரு பட்டை இருந்தது. அதன் மேல் ஓடினால் குளம்பு அரை விரற்கடை புதையும், உடனே மணல் அதைத் தூக்கி எறியும். அந்தப் பட்டையில் மருதியைப் போல ஓடியவர் யாருமில்லை. இப்போது அதில் யாருமே ஓடவில்லை. பந்து அந்தப் பக்கம் உருளும்போதெல்லாம் படுத்திருக்கும் மானின் அடிபட்ட கால் தானாக ஒருமுறை உதறும். வலிக்கும். மறுபடி உதறும்.

பெயர் வாசிக்கும் நேரம்தான் மிகவும் கொடியது. ஐந்தாவது பெயர் எறும்பு தின்னும் அழுங்கு உருளனுடையது, ஏழாவது கடமான் நெட்டையனுடையது. இரண்டுக்கும் நடுவில் ஆறாவதாக மருதியின் பெயர் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் வேறொரு பெயர். உருளன் என்று குருவி வாசித்ததும் மருதியின் இரண்டு காதுகளும் நிமிரும். முன்னங்கால் தரையிலிருந்து எழும்பும். வேறு பெயரைக் கேட்டதும் யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லக் காலைக் கீழே வைக்கும்.

அதன் இடத்துக்கு வந்தது காட்டுப்பன்றி கோரையன். இரண்டு ஆட்டம் ஆடியது. மூன்றாம் நாள் கரட்டின் பாதியிலேயே கல்லை உருட்டிவிட்டு மேட்டுக்காட்டுக்கு ஓடிப்போய் எதிரணியில் சேர்ந்துகொண்டது. கோடையின் கடைசி ஆட்டம் அந்த மேட்டுக்காட்டு அணியோடுதான்.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கலங்கிய தண்ணீரில் புரளும் ஆசையில் கோரையன் மடுவுக்கு வந்தது. மருதி அங்கே இருந்தது. ஓடுகாலி என்று முதலில் திட்டியது. பிறகு, அங்கே கல் இல்லையா என்று மெதுவாகக் கேட்டது.

"கல் இல்லாத இடம்னு நம்பித்தான் ஓடினேன். ஏமாந்துட்டேன், மருதி," என்றது கோரையன். "அங்கேயும் கல் உண்டு. ஆனா என் உடம்புக்கு ஒரு கல், அணிலுக்கு ஒரு புளியங்கொட்டை. அதைக் கட்டிக்கிட்டு அது பண்ற அலட்டல் இருக்கே, தாங்க முடியல."

ஆட்டத்துக்கு மறுநாள் அங்கே எல்லோரும் சும்மா படுத்துக் கிடப்பார்களாம். அதைவிட ஆச்சரியமான ஒன்றையும் பன்றி சொன்னது. அங்கே ஆட்டக்காரர்களின் பெயருக்கு முன்னால், அடிபட்டவர்களின் பெயரைத்தான் வாசிப்பார்களாம். யார், எந்த மாதம், எங்கே விழுந்தார் என்று காடே கேட்குமாம். ஒரே இடத்தில் இரண்டு பேர் விழுந்தால் அந்தப் பயிற்சியையே மாற்றிவிடுவார்களாம்.

 அடிபட்டவர் எப்படித் தரையைத் தட்டுவார் என்று மருதி கேட்டது.

"முடிஞ்சா தட்டலாம். முடியலைன்னா பக்கத்துல நிக்கிறவன் அவனுக்காகத் தட்டுவான்."

பன்றி சேற்றை உதறிவிட்டுப் போயிற்று. மருதி அன்று தண்ணீர் குடிக்க மறந்துவிட்டது.

ஆட்ட நாள் காலையில் பாறையனே நாவல் மரத்தடிக்கு வந்தது. குளத்தணியில் பத்துப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். பதினோராவது பெயருக்கு ஆள் இல்லை. கரையில் இருந்தவர்களெல்லாம் கல்லைப் பார்த்து ஒளிந்துகொண்டார்கள்.

"கால் எப்படி இருக்கு, மருதி?"

"கிழிஞ்ச கால் கிழிஞ்ச மாதிரிதான் இருக்கு, மாஸ்டர்."

"நீ ஓட வேண்டாம். பெயர் வாசிக்கும்போது ஒரு தட்டு தட்டு, போதும். அப்புறம் இடது ஓரத்தில நின்னுக்கோ. அந்த மணலில நீ சும்மா நின்னாலே எதிரணிக்குப் பயம் வரும்."

 அந்த மணல். அந்தப் பெயர். இரவும் பகலும் அது கேட்டது வேறென்ன?

"செவியன், செம்பன், தாவலன் பெயரையும் வாசிக்கணும்," என்றது மருதி. "அவங்களுக்கு அப்புறம்தான் நான்."

எருது சலித்துக்கொண்டது. நொண்டிகளின் பட்டியலை வாசித்தால் மேட்டுக்காடு சிரிக்கும், நம் காடு பயந்துவிடும் என்றது. மூன்று பேர் விழுந்ததெல்லாம் ஒரு கோடையில் நடப்பதுதான் என்றது. மருதியின் பெயர் மட்டும் வாசிக்கப்படும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

வெயில் தாழ்ந்ததும் காடு கரையில் கூடியது. மருதி நொண்டியபடி படுகையில் இறங்கி, மணல் பட்டையின் மேல் போய் நின்றது. மணல் இன்னும் சூடாக இருந்தது. குளம்பு அரை விரற்கடை புதைந்தது. அப்படியே நின்றுவிடலாம் என்றிருந்தது.

ஆள்காட்டிக் குருவி புற்றின் மேல் ஏறிப் பத்துப் பெயர்களை வாசித்தது. பத்துத் தட்டல் கேட்டது. பதினோராவது பெயருக்காக அது மூச்சு இழுத்தபோது, மருதி குரல் கொடுத்தது.

"அதை வாசிக்காதே. அதுக்கு முன்னால மூணு பேர் இருக்காங்க."

பாறையன் உறுமியது. அடிபட்டவர் வரிசையில் சேர்ந்தால் மருதி ஆட்டக்காரர் ஆக முடியாது, ஆட்டம் கைவிட்டுப் போகும், தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்றது மருதி.  இன்னொரு முறை அந்த மணலில் நிற்க அழைப்பு வராது என்பதும் அதற்குத் தெரியும்.

குருவி எருதைப் பார்த்தது. மானைப் பார்த்தது. அந்தப் பெயர்களைக் கீறி அழித்தது குருவியின் அலகிலிருந்த முள்தான். மூன்றையும் அது மறக்கவில்லை. தேக்கிலையைக் கீழே போட்டுவிட்டு, இலையில்லாமலே வாசித்தது.

"செவியன். மாசி மாதம். கரட்டில்."

முயல் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தது. காலைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. அதன் காதுகள் தொங்கின. மருதி அதற்காகத் தன் முன்னங்காலால் தரையைத் தட்டியது.

"செம்பன். பங்குனி. அதே கரட்டில்."

கீரி தானே தட்டியது. பக்கத்தில் நின்ற முயலைப் பார்க்க அதற்கு வெட்கமாக இருந்தது.

"தாவலன். சித்திரை. அதே கரட்டில்."

குரங்கு நல்ல கையால் தட்டியது.

 எதிர்ப்பக்கத்தில் மேட்டுக்காட்டு அணி சிரிக்கவில்லை. அவர்களுடைய அணில் முதுகிலிருந்த புளியங்கொட்டையைக் கழற்றிக் கீழே வைத்தது. பாறையன் முயலையும் கீரியையும் குரங்கையும் மாறி மாறிப் பார்த்தது. ஒவ்வொன்றையும் அது தனித்தனியாகப் பார்த்திருக்கிறது. ஒன்றாக நிற்கவைத்துப் பார்த்ததே இல்லை. "எல்லாம் அந்தக் கரட்டிலயா?" என்று மட்டும் கேட்டது. அன்று அது காட்டைப் பார்த்துத் தலை நிமிர்த்தவில்லை.

விழுந்தவர்களை மறைத்துவிட்டு நிற்பவர்களை மட்டும் எண்ணுகிறவர்கள், தங்கள் பலத்தையும் அறியமாட்டார்கள், அடுத்து விழப்போகிறவரையும் காக்கமாட்டார்கள்.

குருவி மறுபடி மூச்சு இழுத்தது. மணல் பட்டையின் மேல் நின்ற மானின் காதுகள் நிமிர்ந்தன. முன்னங்கால் தரையிலிருந்து எழும்பியது. இந்த முறை எல்லோரும் அதைப் பார்த்தார்கள். காடு முழுவதும் கேட்க, குருவி நான்காவது பெயரை வாசித்தது:

"மருதி."