ஆட்டுக்காரி காட்டிய நீர்வழி

மல்லையூர் ராஜா திருமல்லருக்கு ஓர் ஆசை. ஊரின் பெரிய ஏரியில் இருக்கும் ஏழு திட்டுகளையும் ராணியோடு படகில் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் தண்ணீருக்கடியில் எங்கே பாறை என்று யாருக்குத் தெரியும்? படகுத்துறைத் தலைவர் கங்காதரரின் வரைபடத்தை நம்பிப் போன இரண்டு படகுகள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. பட்டுத்துணியில் பொன் மையால் தீட்டிய படம். அழகுக்குக் குறைவில்லை, பாறைகள்தான் அதில் இல்லை.

அரண்மனை விகடகவி சொக்கப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கரையில் குடை பிடித்து நின்று வரைந்த படமல்லவா!" என்று சபையில் சொல்லிவிட்டார்.

கங்காதரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "இவரே வரையட்டும், மகாராஜா!"

"சரி, மூன்று நாள்," என்றார் ராஜா. "சொக்கப்பா, உன் படத்தை நம்பி நானும் ராணியும் ஏறுவோம். படகு லேசாக உரசினாலும் அன்றே நீ ஊரைக் காலி செய்ய வேண்டும்."

பாறை இருக்கும் இடம் தெரிந்தவர்களைத் தேடிச் சொக்கப்பன் புறப்பட்டார். இரண்டு நாள் கரையெல்லாம் அலைந்தார். படகோட்டிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது ஆடு மேய்க்கும் வெள்ளச்சி ஏரியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"பாழாப்போன மழை! கோடையில நான் ஆடு மேச்ச இடமெல்லாம் முழுகிக் கெடக்குதே!"

சொக்கப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் ஓர் ஓலைச்சுவடியோடும் வெள்ளச்சியோடும் துறைக்கு வந்தார். ராஜா சுவடியைப் பிரித்தார். "கிடா முட்டிய பாறை, இரட்டைக் குட்டி போட்ட மேடு... என்னய்யா இது, ஏரியா ஆட்டுப்பட்டியா?"

"தண்ணீரில் மோதியா படகு உடைகிறது, மகாராஜா? தரையில் மோதித்தானே! அதனால் தரையில் நடந்தவளைக் கேட்டு எழுதினேன்."

"ஆட்டுக்காரி சொல்லி நான் படகு விடுவதா?" என்று கங்காதரர் தன் படகில் ஏறி முன்னால் பறந்தார்.

ராஜாவும் ராணியும் சொக்கப்பனையும் வெள்ளச்சியையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு படகில் பின்னால் கிளம்பினார்கள். வெள்ளச்சி அதுவரை படகில் கால் வைத்ததே இல்லை. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஒத்தப் பனையும் கோயில் கோபுரமும் ஒண்ணாத் தெரியுது பாருங்க! அடியில பாறை! சோத்தாங்கைப் பக்கம் திருப்புங்க!"

ஏழு திட்டும் பார்த்தாயிற்று. படகில் ஒரு கீறல் இல்லை. சொக்கப்பன் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

திரும்பும் வழியில் நடு ஏரியில் ஓர் அலறல். கங்காதரரின் படகு பிளந்து கிடந்தது. பாறைமேல் முழங்கால் தண்ணீரில், பட்டுப் படத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு அவர் படகோட்டியோடு நின்றார்.

"ஐயோ, பாவம்! எப்படிக் கரை சேர்வார்?" என்று ராணி பதறினார்.

சொக்கப்பன் நிதானமாகச் சுவடியைப் புரட்டினார். "கவலை வேண்டாம், தாயே. இங்கிருந்து கரைக்கு நல்ல ஒற்றையடிப் பாதை இருக்கிறது. சித்திரை மாதம் நடந்தே வந்துவிடலாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. இருவரையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "வெள்ளச்சி, என்ன வேண்டுமோ கேள்!" என்றார்.

"மொதல்ல சிரிப்ப நிறுத்துங்க சாமி," என்றாள் வெள்ளச்சி. "படகு கவுந்துரப் போவுது!"