மலையை மறைக்காத ஆலை

கோத்தகிரிச் சரிவில் தேயிலை ஆலை கட்ட நினைத்தார் முதலாளி தர்மலிங்கம். "ஆலை பெரிசா, அழகா இருக்கணும். ஆனா என் பங்களாவிலிருந்து பார்த்தா மலை துளிகூட மறையக் கூடாது, ஒரு மரமும் விழக் கூடாது" என்றார். பெரிய பொறியாளர்கள் கும்பிடு போட்டுவிட்டு நழுவினார்கள். கடைசியில் வரைபடம் போடும் அஞ்சுகத்தின் தலையில் அது விழுந்தது. முடியாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

அவள் களிமண்ணில் மாதிரி செய்து மேசையில் வைத்தாள். முதலாளி மாதிரியின் பங்களாப் பக்கமிருந்து குனிந்து பார்த்தார். புல்சரிவும் மரங்களும்தான் தெரிந்தன.

"ஆலை எங்கேம்மா? என்னை ஏமாத்துறியா?" என்று சீறினார்.

"தெரியலையா ஐயா? அப்போ மலை மறையலைன்னு ஒத்துக்கிறீங்க."

சொல்லிக்கொண்டே மாதிரியைத் திருப்பினாள். மரமில்லாத இடமாகப் பார்த்துச் சரிவைக் குடைந்து, புல்லையே கூரையாக்கிய ஆலை, கல்தூண்களும் பெரிய ஜன்னல்களுமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றது.

 முதலாளி கடகடவென்று சிரித்து, "கட்டும்மா!" என்றார். அஞ்சுகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.